நல்ல மனம் மட்டும் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த தோட்டக்காரர் ஒருவர் கோயில் விறாந்தையில் எனக்காகக் காத்து நின்றார். அவருடைய மனைவிக்கு நெடுநாளாக ஒரு நோய். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்வருகிறார். அங்குள்ள வைத்தியர்கள், புதிய குளிசை ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டு, வாசித்து விளங்கிக் கையொப்பமிடும்படி நான்கு பக்கக் கடதாசி ஒன்றையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

"சுவாமி, பாதிப் பேருக்குப் புதுக் குளிசையாம், மற்றப் பாதிப் பேருக்குப் பழையதாம். ஆருக்கு எது எண்டு சீட்டுப் போட்ட மாதிரித்தான் தீர்மானிப்பினமாம். குடுக்கிற டொக்டருக்கே எது எண்டு தெரியாதாம். நான் என்ரை மாட்டுக்கும் இப்பிடிச் சீட்டுப் போட்டு மருந்து குடுக்கமாட்டன். உது சரியான காரியமோ?"

"நல்லதுக்குத்தானே செய்கிறார்கள்" என்று நான் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தப் பதில் அவரைத் திருப்திப்படுத்தவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அறைவீட்டுக்கு வந்து யோசித்தபோது, அது என்னையும் திருப்திப்படுத்தவில்லை. நல்லதுக்குத்தான் செய்கிறார்கள் என்பது ஒரு காரியம் நல்லதென்பதற்கு நியாயமாகுமா? குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த காலத்தில் இதைத்தானே முதலில் சொல்லித் தந்தார்கள்! செயல் எத்தகையது, செய்பவரின் நோக்கம் என்ன, சூழ்நிலை என்ன என்ற மூன்றையும் பார்க்கவேண்டும். நோக்கம் ஒன்று மட்டும் நல்லதாயிருந்தால் போதாது என்று பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். வாழ்க்கையில் மட்டும் நோக்கத்தைக் காட்டியே எங்களை நாங்கள் மன்னித்துக்கொள்கிறோம். குருமாரும் இதற்கு விலக்கல்ல.

அந்தத் தோட்டக்காரரின் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்று கொடுக்கவேண்டும் என்ற கடனுணர்ச்சியிலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சீட்டுப் போடும் இந்த முறை வைத்திய உலகில் வேரூன்றக் காரணமாயிருந்தது காசநோய். 1940களின் நடுப்பகுதியில் ஸ்ரெப்ரோமைசின் என்ற புதிய மருந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. யுத்தத்தால் வறுமைப்பட்டிருந்த பிரித்தானியாவோ அதை வாங்கப் போதிய டொலர் இல்லாமல் திண்டாடியது. கிடைத்த மருந்து ஒரு சிலருக்கே போதும். யாருக்குக் கொடுப்பது? அங்கிருந்த மருத்துவ ஆராய்ச்சிச் சபை 107 நோயாளரைத் தெரிந்து, மூடி ஒட்டிய கடிதவுறைகளில் எழுந்தமானமாக எழுதி வைத்த ஒழுங்குப்படி, 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்தது. ஆறு மாத முடிவில் முதற்குழுவில் 4 பேரும் மற்றக் குழுவில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாகியது.

ஏன் வைத்தியரே தெரிவுசெய்யக் கூடாது? வைத்தியர் நல்லவராயிருப்பதே இதில் இடைஞ்சல். ஒருவர் இரக்கப்பட்டு, மிக மோசமான நிலையிலுள்ளவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார். இன்னொருவர், பிழைக்கக் கூடியவருக்கே அது பயன்படட்டும் என்று நினைத்துக் கொடுப்பார். இருவருமே நல்ல மனம் கொண்டவர்கள்தாம். ஆனால் இறுதியில் ஒருவர் பிழைத்தது மருந்தினாலா, அல்லது முதலிலேயே அவர் பிழைக்கக் கூடியவராயிருந்ததினாலா என்பது எவருக்கும் தெரியாமற் போய்விடும். வைத்தியரின் அன்பும் விருப்பமும் கணக்கைக் குழப்பாமல் இருப்பதற்காகவே சீட்டு.

இது எங்கோ தூரதேசத்துச் சங்கதி என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். இம்முறையில் உலகமே கவனித்த சில ஆராய்ச்சிகள் எங்கள் நாட்டிலேயே நடந்தன. அவை நடந்தது நாங்கள் வாய்விட்டுப் பேச விரும்பாத ஒரு துயரத்தின் பேரில்: நஞ்சு உட்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுபவர்களின் துயரம்.

எங்கள் வேலியோரங்களில் மஞ்சளாய்ப் பூக்கும் ஒரு மரம் உண்டு. பெயரை எழுதாமலே வாசகர்களுக்கு விளங்கும். அதன் விதையால் உயிர் மாய்க்கும் வழக்கம் முன்னர் இங்கு அநேகமாக இருந்ததில்லை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் தோன்றி, பின்னர் வடமத்திய பகுதிகளுக்கும் பரவியது. இது பரவியதில் பத்திரிகைச் செய்திகளுக்கும் பங்கிருந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரன் என்ற முறையில் இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது. ஆகவே விவரங்களை இங்கு எழுதமாட்டேன். மனம் உடைந்து போன ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடன் எந்நேரமும் பேசலாம்.

அந்த நஞ்சுக்கு வைத்தியமாகப் பல இடங்களில் கொடுக்கப்பட்டது, வைத்தியத்துக்கென்று பதப்படுத்திய கரித்தூள். கரி நஞ்சைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய அறிவு. குடலுக்குள் திரும்பத் திரும்ப வந்து சேரும் நஞ்சானால், திரும்பத் திரும்பக் கரி கொடுத்தால் நல்லதுதானே என்பது நியாயமான ஊகம். 2003இல் வெளியான ஓர் இலங்கை ஆராய்ச்சியில், 401 பேருக்கு முதலில் ஒருதரம் கரி கொடுத்துவிட்டு, பிறகு பாதிப் பேருக்குக் கரியையும் மற்றவர்களுக்கு வெறும் நீரையும் தொடர்ந்து கொடுத்தார்கள். கரி தொடர்ந்து கிடைத்தவர்களில் 5 பேர் இறந்தனர். கிடைக்காதவர்களில் 16 பேர். கேள்வி முடிந்தது, இனி எல்லாருக்கும் கரி என்றுதான் எவரும் சொல்லியிருப்பர்.

ஆனால் அதற்கு முன்னரே, 2002இல், இன்னும் பெரிய ஆராய்ச்சி ஒன்று தொடங்கியிருந்தது. மூன்று வைத்தியசாலைகள், 4,632 நோயாளர். இவர்களுட் சிலர் விதை உண்டவர்கள், அநேகர் கிருமிநாசினி குடித்தவர்கள். ஒரு குழுவினருக்குக் கரி இல்லை. ஒரு குழுவினருக்கு ஒருதரம். ஒரு குழுவினருக்கு ஆறுதரம். 2008இல் முடிவு வெளிவந்தது. ஆறுதரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 6.3 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 6.8 பேரும் இறந்தனர். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. விதை உண்டவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் தெளிவான நன்மை தெரியவில்லை. முதல் ஆராய்ச்சி ஏன் அப்படி, இரண்டாவது ஏன் இப்படி என்று வல்லுநர் இன்னும் விவாதிக்கிறார்கள். கொடுத்த முறையும் நேர இடைவெளியும் வேறு வேறு என்பது ஒரு விளக்கம்.

இதை வாசித்துவிட்டு, "பார்த்தீர்களா, இவர்களுக்கே ஒன்றும் தெரியாது" என்று சிரிப்பது எளிது. எனக்கோ எதிர்மாறாகப்பட்டது. கரியைக் குடிப்பது சுகமான காரியமல்ல. மனம் நொந்து, வெட்கப்பட்டு, வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் வாயில் கன்னங்கரிய நீரை மணிக்கணக்காய் ஊற்றுவதற்கு, "நல்லதுக்குத்தான்" என்பதைவிட உறுதியான நியாயம் வேண்டும். நல்லது என்று நம்பிய ஒன்றையே, "உண்மையில் நல்லதுதானா?" என்று நிறுத்திக் கேட்பதற்கு ஒருவகைத் தாழ்ச்சி வேண்டியிருக்கிறது. அது எங்களிடம் மலிந்து கிடக்கும் புண்ணியமல்ல.

இதைவிட என் மனதைத் தொட்டது பெட்டிக் கதை. கமக்காரர் வீடுகளில் கிருமிநாசினிப் போத்தல் தாழ்வாரத்திலோ கட்டிலின் கீழோ கிடக்கும். கோபமும் கண்ணீரும் பொங்கும் ஒரு கணத்தில் அது கைக்கு எட்டுகிறது. அந்தக் கணம் கடந்துவிட்டால் அநேகர் பிழைத்துக்கொள்வர். ஆகவே வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட ஒரு பெட்டி கொடுத்தால் என்ன? இதைவிடப் புத்தியான, மலிவான, அன்பான யோசனை வேறெது? எங்கள் பங்கு மக்களிடம் காசு சேர்க்கச் சொன்னால் மறுவார்த்தையின்றிச் சேர்த்துத் தருவார்கள். விற்பனையைத் தொடாத யோசனையாதலால் கிருமிநாசினி உற்பத்தியாளருக்கும் உவப்பானதே.

அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைத் தெரிந்து, சீட்டு முறையில் பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பெட்டி கொடுத்தார்கள். மற்றப் பாதிக்குக் கொடுக்கவில்லை. மொத்தம் 53,382 வீடுகள், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். மூன்று ஆண்டுகள் பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள். 2017இல் 'லான்செற்' என்ற வைத்திய சஞ்சிகையில் முடிவு வந்தது. கிருமிநாசினி குடித்தவர்கள், ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு, பெட்டி உள்ள கிராமங்களில் 293. இல்லாத கிராமங்களில் 318. கணித முறைப்படி பார்த்தால், பெட்டியால் பயன் விளைந்ததென்று சொல்ல இடமில்லை. ஏனென்று எனக்கும் ஓர் ஊகம் உண்டு. பெட்டிக்குப் பூட்டு இருக்கலாம், ஆனால் திறப்பு எங்கே தொங்குகிறதென்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியும்.

இங்கேதான் தோட்டக்காரரின் கேள்வி தன் முழுப் பாரத்தோடும் வருகிறது. பெட்டியால் பயன் இருந்திருந்தால்? அப்போது பெட்டி கிடைக்காத கிராமங்களில் சிலர் ஒரு சீட்டின் காரணமாகச் செத்திருப்பார்களே? ஆம், செத்திருப்பார்கள். இதை மழுப்பக்கூடாது. ஸ்ரெப்ரோமைசின் கிடைக்காத 52 பேரில் இறந்த 14 பேரும் அப்படித்தான். ஆயினும் அது அநீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சீட்டுப் போட்ட நாளில், பெட்டி நல்லதா என்று எவருக்கும் தெரியாது. கிடைக்காதவர்களிடமிருந்து அவர்களிடம் இருந்த எதுவும் பறிக்கப்படவில்லை. தெரியாது என்பது உண்மையானால், அதைத் தெரியும் என்று பாவித்து எல்லாருக்கும் கொடுப்பதும் பொய்யே. அந்தப் பொய்யால் இறப்பவர்களும் உண்டு, அவர்களை எவரும் எண்ணுவதில்லை.

ஆனால் அந்த அறியாமை நேர்மையானதாக இருக்கவேண்டும். முழு நியாயமும் இந்த ஒரு சொல்லிலேயே தங்கியிருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ரஸ்கீகி என்ற ஊரில், மேகநோய் பிடித்த ஏறக்குறைய நானூறு ஏழைக் கறுப்பின மனிதர்களை 1932இலிருந்து 1972வரை வைத்தியம் செய்யாமலே கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1940களில் பெனிசிலின் அந்நோயைக் குணமாக்கும் என்பது தெளிவாகிவிட்டது. தெளிந்த பின்னும் கொடுக்கவில்லை. நோய் என்னவென்றுகூட அவர்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. அங்கே இருந்தது அறியாமையல்ல. தெரிந்ததை மறைத்தல், விஞ்ஞானம் என்ற பெயர் அதற்கு வெறும் போர்வை.

மற்றொரு நிபந்தனை சம்மதம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் வைத்திய அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில் ஆராய்ச்சியின் ஒழுக்க எல்லைகளை எடுத்துப் பேசினார். விஞ்ஞானத்தின் நலன், நோயாளியின் நலன், சமூகத்தின் நலன் ஆகிய மூன்றுமே நியாயமான நோக்கங்கள்; ஆனால் மூன்றில் எதுவும் எல்லையற்றதல்ல. நோயாளி தரும் அதிகாரத்துக்கு அப்பால் வைத்தியருக்கு அவர்மேல் உரிமை இல்லை என்பது அவ்வுரையின் சாரம். மற்றவர்களின் நன்மைக்காகவென்றாலும் ஒருவனை அவன் அறியாமல் பாவிக்க இயலாது.

நஞ்சருந்திய நிலையில் வருபவரிடம் சம்மதம் கேட்பது எப்படி? நான் சொன்ன கரி ஆராய்ச்சியில் நோயாளியிடமோ, அவரால் இயலாதபோது உறவினரிடமோ எழுத்தில் சம்மதம் பெற்றார்கள். அழுது நிற்கும் தாய் எதை வாசித்து எதை விளங்குவாள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. இதற்குப் பூரணமான பரிகாரம் ஒன்றும் நான் காணவில்லை. ஆனால் வேறொரு பேச்சையும் கேட்டிருக்கிறேன், விசுவாசிகளின் வாயிலிருந்தே: "உயிர் வேண்டாம் எண்டு போனவனிட்டை என்ன கேள்வி?" இது பெரிய பிழை. அவன் உயிரை வெறுத்த கணத்திலும் அவன் ஆளாகவே இருக்கிறான். அவனைப் படைத்தவர் அவனை ஆராய்ச்சிப் பொருளாக மாற்றிவிடவில்லை. "உம்மைச் சேர்க்கலாமா? மறுத்தாலும் வைத்தியம் தருவோம்" என்று ஒருவர் கட்டிலருகில் குனிந்து கேட்பது, வெகுநாட்களுக்குப் பின் அவன் விருப்பத்தை ஒருவர் கேட்டதாகவும் இருக்கலாம்.

பெட்டி உதவவில்லையானால் எது உதவியது? அரசாங்கத்தின் பேனா. கிருமிநாசினிப் பதிவாளரின் காரியாலயம் மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது: 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ், 1998இல் என்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாற் முதலிய வேறு மூன்று. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47ஆக இருந்த தற்கொலை மரணம் 2005இல் 24ஆகக் குறைந்தது. பிறகும் குறைந்துகொண்டே போயிற்று. இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பின என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு. நெல் விளைச்சல் விழவில்லை. இங்கே எவரும் சீட்டுப் போடவில்லை. ஒரு நாட்டை இரண்டாகப் பிரித்துச் சட்டம் போட இயலாது. யுத்தமோ வேலையின்மையோ மதுவோ இந்தக் குறைவுக்குக் காரணமா என்று பிறகு அலசிப் பார்த்து, அவை விளக்கமாகா என்று கண்டார்கள். பெட்டி, துயரப்பட்ட குடும்பத்தின் தலையில் பொறுப்பைச் சுமத்தியது. தடையோ விற்பவர்மீது சுமத்தியது. இரண்டாவதே உயிர் காத்தது என்பதைக் கொள்கை வகுப்போர் கவனிக்கவேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. மரவிதை நஞ்சுக்கு உண்மையாகவே வேலை செய்யும் மாற்று மருந்து ஒன்று உண்டு. செம்மறியாட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. இதய நோயாளருக்குக் கொடுக்கும் ஒரு மருந்து மிஞ்சிப்போனால் அதை முறிக்கவென்று ஆக்கப்பட்டது. அது இந்த நஞ்சையும் முறிக்கிறதா என்று எங்கள் நாட்டு நோயாளர் 66 பேரில் சோதித்து, முறிக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் நிறுவினார்கள். அந்த 66 பேரில் 32 பேருக்குச் சீட்டில் விழுந்தது வெறும் உப்புநீர். விலையோ எங்கள் வைத்தியசாலைகளுக்கு எட்டாத விலை. மருந்து கிடைக்காததால் நேர்ந்த மரணங்களைப் பற்றியே 2003இல் அதே 'லான்செற்'றில் ஒரு கட்டுரை வெளியாயிற்று.

அதே 2000ஆம் ஆண்டில் உலக வைத்தியர் சங்கம் தனது ஹெல்சிங்கிப் பிரகடனத்தைத் திருத்தியபோது, ஆராய்ச்சி முடிவில் சிறந்ததென நிறுவப்பட்ட வைத்தியம் அதிற் பங்குபற்றிய ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்க உறுதி செய்யவேண்டும் என்று எழுதியது. பின்வந்த திருத்தங்களில் வார்த்தைகள் மாறின. ஆனால் நஞ்சருந்தியவர் விஷயத்தில் இந்த வாசகத்தால் என்ன பயன்? பங்குபற்றியவர் பிழைத்தோ இறந்தோ போயிருப்பார். மருந்து வேண்டியது அடுத்த மழைக்காலத்தில் அதே கிராமத்திலிருந்து கொண்டுவரப்படும் வேறொரு பிள்ளைக்கு. உப்புநீர் ஏற்றுக்கொண்ட 32 பேரும் தங்கள் உடலால் ஒரு கேள்விக்கு விடை வாங்கித் தந்தார்கள். அந்த விடை பணமுள்ள நாட்டு வைத்தியர்களின் புத்தகத்தில் ஏறிவிட்டது. அவர்களின் அயலவருக்கு மருந்து ஏறவில்லை. சீட்டுப் போட்டதை நான் குறைகூறவில்லை. சீட்டின் பின்னே ஒரு கடன் இருக்கிறது, அதைத் தீர்க்க எவரும் கையொப்பமிடவில்லை என்பதே என் முறைப்பாடு. "உங்களுக்குத் தெரியாது, ஆகவே சோதிக்கிறீர்கள், சரி. தெரிந்த பிறகு?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. மருந்துக் கம்பனியிடமும், சுகாதார அமைச்சிடமும், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் தூரதேசத்துத் தர்ம ஸ்தாபனங்களிடமும் கேட்கலாம்.

கடந்த புதன்கிழமை அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். மனைவியும் இருந்தார். நான்கு பக்கக் கடதாசியை மேசையில் விரித்து மூவரும் வரிவரியாக வாசித்தோம். பழைய குளிசையும் வேலை செய்கிற குளிசைதான், அது எவருக்கும் நிறுத்தப்படாது என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எந்த நேரமும் விலகலாம், விலகினால் கிளினிக்கில் குறை வராது என்பது மூன்றாம் பக்கத்தில். புதியது மேலானதா என்பது வைத்தியர்களுக்கு உண்மையாகவே தெரியாது என்று விளங்கியபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. "தெரியாது எண்டு சொல்லுற டொக்டரை நான் இப்பதான் காணுறன்" என்றார்.

மனைவி அதுவரை பேசவில்லை. பேனாவை எடுத்துவிட்டு, மறுபடி கீழே வைத்தார்.

"சுவாமி, எல்லாம் முடிஞ்சு, புதுக் குளிசை நல்லதெண்டு வந்தால் எங்களுக்குச் சொல்லுவினமோ? பிறகு அது எங்கடை கிளினிக்கிலை கிடைக்குமோ?"

நான்காம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வருகிற கிளினிக் நாளில் இதை வைத்தியரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு கையொப்பமிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.